ஆற்றை அளந்தவர்கள் – 6: வரைபடத்தோடு வந்த விருந்தாளி

இதுவரை: உள்நாட்டுப் போரில் வலது கையை இழந்த ஜான் வெஸ்லி பவல், 1881 முதல் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் தலைவர். மேற்குப் பாலைநிலங்களில் மக்களைக் குடியமர்த்தும் முன்பு, அங்கே ஓடும் ஆறுகளை அளந்து கணக்கெடுக்க வேண்டும் என்று போராடினார். 1889-இல் நியூ மெக்சிகோவின் எம்புடோ கிராமத்தில், ரியோ கிராண்டே ஆற்றங்கரையில், துறையின் முதல் நீரளவு நிலையம் அமைந்தது. அங்கே இளம் பொறியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்த ஃபிரடெரிக் நியூவெல், 1902 ஜூன் 17-இல் பாசனச் சட்டம் நிறைவேறியபோது, அதன்படி பிறந்த நிலமீட்புத் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். அதே ஆண்டு செப்டம்பரில் பவல் காலமானார். இனி...

1905-ஆம் ஆண்டின் வசந்தம். கலிஃபோர்னியாவின் கிழக்கு ஓரத்தில், சியரா நெவாடா மலைத்தொடரின் அடிவாரத்தில் உள்ள சிற்றூர் இண்டிபெண்டன்ஸ். இன்யோ மாவட்டத்தின் தலைநகரும் அதுதான். அங்கிருந்த அரசு நிலப் பதிவு அலுவலகத்துக்கு நன்றாக உடுத்திய, பேச்சுத் திறமை மிக்க ஒரு மனிதர் வந்தார். அந்தப் பகுதியில் மின்சாரம் எடுக்க அனுமதி கேட்டுச் சில நிறுவனங்கள் போட்டிருந்த விண்ணப்பங்களைப் பார்க்க வேண்டும் என்றார்.

யார் அனுப்பியது என்ற கேள்விக்கு அவரிடம் பதில் தயாராக இருந்தது. நிலமீட்புத் துறையின் கலிஃபோர்னியா மேற்பார்வைப் பொறியாளர் ஜோசப் லிப்பின்காட் கொடுத்த கடிதம் அது. விண்ணப்பங்களை ஆராய்ந்து துறைக்கு அறிக்கை தரும் பொறுப்பு வந்தவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. கடிதத்தில் குறையேதும் இல்லை, கோப்புகள் திறந்தன.

அடுத்த சில வாரங்கள் அந்த மனிதர் பள்ளத்தாக்கு முழுவதும் சுற்றினார். கையில் துறையின் சர்வே வரைபடங்கள். எந்த வாய்க்கால் யாருடையது, ஆற்றங்கரையில் எந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நிலத்துக்கு நல்ல விலை கொடுத்தார். அரசாங்கம் கட்டப்போகும் அணைக்காகத்தான் வாங்குகிறார் என்று விவசாயிகள் நம்பினார்கள். அணை வந்தால் மிச்ச நிலத்துக்குத் தண்ணீர் வரும் என்ற கணக்கில் கையெழுத்தும் போட்டார்கள்.

அவர் பெயர் ஃபிரெட் ஈட்டன். 1898 முதல் 1900 வரை லாஸ் ஏஞ்சலஸ் நகர மேயர்.

இருநூறு மைலுக்கும் அப்பால் இருக்கும் ஒரு நகரத்தின் முன்னாள் மேயருக்கு இந்த மலையடிவாரத்தில் என்ன வேலை?

*

முதலில் பள்ளத்தாக்கைப் பார்த்துவிடுவோம். அதன் மண்ணும் பாறையும் புரிந்தால்தான் மனிதர்களின் கணக்கு புரியும்.

மேற்கே சியரா நெவாடா. அதன் உச்சியான விட்னி சிகரம் 14,500 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. கிழக்கே இன்யோ மலைகளும் வெள்ளை மலைகளும். இரண்டு தொடர்களுக்கும் நடுவே ஒடுங்கி நீளும் தரைதான் ஓவன்ஸ் பள்ளத்தாக்கு. ஆறு வெட்டி உண்டாக்கிய பள்ளம் அன்று இது. இருபுறமும் நிலப்பிளவுகள் ஓட, நடுவே இருந்த பாறைத்துண்டு கீழே இறங்கியதால் உண்டான பள்ளம். அந்த இறக்கம் இன்னும் நின்றுவிடவில்லை. 1872 மார்ச் 26 அதிகாலையில் லோன் பைன் என்ற ஊருக்கருகே பூமி பிளந்து இறங்கியது. 27 பேர் இறந்தார்கள். அன்று எழுந்த மண்மேடு இன்றும் அந்த ஊருக்குப் பக்கத்தில் தெரிகிறது.

பசிபிக் கடலிலிருந்து வரும் மேகங்களைச் சியரா மலையே வாங்கிக்கொள்கிறது. பள்ளத்தாக்கின் தரையில் ஆண்டுக்கு ஐந்தாறு அங்குல மழை பெய்தால் அதிகம். ஆனால் மலைமேல் விழும் பனி கோடையில் உருகி, டஜன் கணக்கான ஓடைகளாக இறங்குகிறது. ஓடைகள் மலையடியில் சரளைக்கல்லையும் மணலையும் விசிறி போலப் பரப்பியிருக்கின்றன. அந்தச் சரளையில் தண்ணீரின் ஒரு பங்கு மறைந்து, கீழே பள்ளத்தாக்கின் நடுவில் ஊற்றாக வெளிவருகிறது. எல்லாம் சேர்ந்து ஓவன்ஸ் ஆறு. அந்த ஆறு கடலைச் சேர்வதில்லை. அந்தக் காலத்தில் தெற்குக் கோடியில், வெளியேற வழியில்லாத உப்பு ஏரி ஒன்றில் போய் முடிந்தது.

இந்த நீரை முதலில் பாசனத்துக்குத் திருப்பியவர்கள் பாயூட் பழங்குடி மக்கள். ஓடைகளை மறித்து, வாய்க்கால் வெட்டி, காட்டுக் கிழங்குகளும் விதைகளும் விளைந்த சமவெளிக்குத் தண்ணீர் பாய்ச்சினார்கள். 1863-இல் ராணுவம் அவர்களை டெஹோன் கோட்டைக்கு விரட்டியது. அதன்பின் வந்த வெள்ளையர்கள் அதே நீரைக் கொண்டு கால்நடைத் தீவனப் புல்லும் சோளமும் ஆப்பிளும் வளர்த்தார்கள். அடுத்து ஏமாறப்போகிறவர்கள் இவர்கள்தான். ஆனால் இவர்களுக்கு முன்பே நிலத்தையும் நீரையும் இழந்தவர்கள் உண்டு என்பதை இந்தக் கதையில் எந்த இடத்திலும் மறக்கக் கூடாது.

இன்னும் ஒரு விஷயம். பள்ளத்தாக்கின் தரை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,000 அடி உயரம். லாஸ் ஏஞ்சலஸ் கடலோர நகரம். மேட்டில் ஆறு, தாழ்வில் நகரம். வழி மட்டும் கிடைத்தால், ஒரு பம்புகூட இல்லாமல் தண்ணீர் தானே இறங்கிப் போகும். நிலப்படத்தை விரித்துப் பார்க்கத் தெரிந்த எவர் கண்ணுக்கும் இது படும்.

*

1903-இல் நிலமீட்புத் துறை இந்தப் பள்ளத்தாக்கைத் தன் திட்டப் பட்டியலில் சேர்த்தது. பொது நிலங்களில் புதிதாக யாரும் குடியேற முடியாதபடி ஒதுக்கி வைத்தார்கள். ஜேக்கப் கிளாசன் என்ற இளம் பொறியாளர் களத்துக்கு வந்தார். எங்கே அணை கட்டலாம், எவ்வளவு தேக்கலாம், எவ்வளவு நிலத்துக்குப் பாயும் என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. பள்ளத்தாக்கின் வடக்கே, ஆறு மலையிலிருந்து இறங்கும் முன்பு விரிந்து கிடக்கும் லாங் வேலி என்ற புல்வெளி, நீர்த்தேக்கத்துக்குத் தோதான இடமாகத் தெரிந்தது.

ஆற்றை அளப்பது என்றால் என்ன செய்வார்கள்?

ஆற்றின் குறுக்கே ஒரு கம்பிவடம் கட்டப்படும். அதில் தொங்கும் மரப்பெட்டியில் ஓர் ஆள் உட்கார்ந்து, கையால் வடத்தை இழுத்து இழுத்துக் கரையிலிருந்து கரைக்கு நகர்வார். சில அடிக்கு ஓரிடத்தில் நிறுத்தி ஆழம் பார்ப்பார். பிறகு நீரோட்டமானியை நீருக்குள் இறக்குவார். ஓர் அச்சைச் சுற்றிச் சின்னச் சின்னக் கிண்ணங்கள் பொருத்திய கருவி அது. ஓட்டம் கிண்ணங்களைச் சுழற்றும். காதில் மாட்டிய குழாயில் ‘டிக்’ என்று சத்தம் கேட்கும். கையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு அந்த டிக்குகளை எண்ண வேண்டும். மேலே ஓடும் நீருக்கு வேகம் அதிகம், அடியில் குறைவு. அதனால் மேலிருந்து பத்தில் ஆறு பங்கு ஆழத்தில் கருவியை நிறுத்தினால் சராசரி வேகம் கிடைக்கும். அகலம், ஆழம், வேகம் மூன்றையும் பெருக்கித் துண்டு துண்டாகக் கூட்டினால், விநாடிக்கு இத்தனை கன அடி என்ற கணக்கு வந்துவிடும்.

ஒரு நாள் அளந்தால் போதாது. பனி உருகும் ஜூனில் ஒரு கணக்கு, வறண்ட அக்டோபரில் ஒரு கணக்கு. கரையில் நட்ட அளவுகோலில் நீர்மட்டம் எத்தனை அடி இருந்தால் எத்தனை கன அடி ஓடுகிறது என்று ஓர் அட்டவணை தயாரிப்பார்கள். பிறகு பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் தினமும் அளவுகோலைப் பார்த்துக் குறித்து வைத்தாலே போதும். இப்படிச் சேர்ந்த எண்களைத்தான் நிலவியல் ஆய்வுத் துறை 1896 முதல் ‘நீர்வள அறிக்கைகள்’ என்ற வரிசையில் அச்சிட்டு வந்தது. யாரும் வாங்கிப் படிக்கலாம். மக்கள் வரிப்பணத்தில் அளந்தது மக்களுக்கே சொந்தம் என்பது அந்த வரிசையின் தர்மம்.

விவசாயிகள் இந்த வேலைக்கு முழு மனதோடு ஒத்துழைத்தார்கள். தங்கள் வாய்க்கால்களைத் திறந்து காட்டினார்கள். எவ்வளவு தண்ணீர் எடுக்கிறோம், எங்கே வீணாகிறது, யாருக்கு எவ்வளவு உரிமை என்று ஒளிக்காமல் சொன்னார்கள். நமக்காக அளக்க வந்தவரிடம் கணக்கை மறைப்பானேன்?

*

இப்போது லிப்பின்காட்டிடம் வருவோம்.

இவர் திறமையற்றவர் அல்லர். நிலவியல் ஆய்வுத் துறையில் நீரளவு வேலை பார்த்து, கலிஃபோர்னியாவின் ஆறுகளைக் கரைத்துக் குடித்தவர். ஆனால் அரசுப் பதவியில் இருந்துகொண்டே லாஸ் ஏஞ்சலஸில் தனியார் ஆலோசனைத் தொழிலையும் நடத்தினார். அது நியூவெலுக்கும் தெரியும். அதில் அவருக்குச் சங்கடம் இருந்தது. ஆனாலும் நல்ல பொறியாளரை இழக்க மனமில்லை. அந்தச் சலுகைதான் பின்னால் துறையின் பெயரையே கெடுத்தது.

லாஸ் ஏஞ்சலஸ் அப்போது வீங்கிக்கொண்டிருந்த நகரம். 1890-இல் அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 50,000. 1900-இல் அதற்கு இரண்டு மடங்கு. குடிக்க இருந்ததோ அதே பெயர் கொண்ட ஒரு சிறு ஆறு மட்டும்தான். நகர நீர்வழங்கலின் தலைவர் வில்லியம் முல்ஹாலண்ட், அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர். 1878-இல் வாய்க்காலில் சேறும் குப்பையும் அள்ளும் நீர்க்கட்டி வேலையில் சேர்ந்து, சொந்தமாகப் படித்து, தலைமைக்கு உயர்ந்தவர். அவருக்கு முன்பு அந்தப் பொறுப்பில் இருந்து, அவரைக் கைதூக்கிவிட்டவர்தான் ஃபிரெட் ஈட்டன்.

ஓவன்ஸ் ஆற்றை நகரத்துக்குக் கொண்டுவரலாம் என்று ஈட்டன் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தார். முல்ஹாலண்ட் நம்பவில்லை. 1904 ஜூலையில் வறட்சி முற்றியது. நகரம் செலவழித்த தண்ணீர், நகரத் தேக்கங்களுக்கு வந்து சேர்ந்த தண்ணீரைத் தாண்டியது. முல்ஹாலண்டின் மனம் மாறியது.

அந்தக் கோடையில் லிப்பின்காட் குடும்பத்தோடும் நண்பர்களோடும் சியரா மலைக்கு முகாம் போனார். யோசெமிட்டி வழியாக மலையைக் கடந்து ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் இறங்கிய அந்தக் குழுவில் ஈட்டனும் இருந்தார். செப்டம்பரில் ஈட்டன் மறுபடியும் வந்தார், இம்முறை முல்ஹாலண்டோடு. கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டியில் மொஹாவி பாலைவனத்தைக் கடந்து வந்தார்கள். முல்ஹாலண்ட் ஆற்றைப் பார்த்தார். நிலத்தின் சரிவைப் பார்த்தார். விநாடிக்கு 400 கன அடி எடுக்கலாம் என்று கணக்குப் போட்டார். இருபது லட்சம் பேருக்குப் போதும். அன்றைய நகரத்தின் மக்கள்தொகையைப் போல் பத்து மடங்குக்குமேல்!

நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு சந்திப்பு. நியூவெல், லிப்பின்காட், முல்ஹாலண்ட், ஈட்டன், நகர வழக்கறிஞர் எல்லோரும் ஒரே மேசையில். ஈட்டனின் திட்டத்தில் அவருக்கும் தனி லாபம் இருந்தது. நியூவெல் ஒரு நிபந்தனை விதித்தார்: தலைமதகிலிருந்து கடைசிக் குழாய் வரை நகரத்தின் பொதுச்சொத்தாக இருந்தால் மட்டுமே அரசுத் திட்டம் விலகிக்கொள்வது பற்றிப் பேச முடியும். இந்த ஒரு நிபந்தனைக்காக நியூவெலைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் மேசையில் ஓர் இடம் காலியாக இருந்ததை அவரும் கவனிக்கவில்லை. யாருடைய வாய்க்கால்களைப் பற்றிப் பேசினார்களோ, அந்த விவசாயிகளில் ஒருவர்கூட அங்கே இல்லை. அப்படி ஒரு பேச்சு நடப்பதே அவர்களுக்குத் தெரியாது.

பள்ளத்தாக்கில் அதே சமயம் கிளாசன் அளந்துகொண்டிருந்தார். விவசாயிகள் காத்துக்கொண்டிருந்தார்கள்.

*

1905 தொடக்கத்தில், லாஸ் ஏஞ்சலஸ் நகரம் தன் வருங்கால நீராதாரங்களைப் பற்றி ஓர் ஆலோசனை அறிக்கை கேட்டது. கட்டணம் 2,500 டாலர். எழுதிக் கொடுத்தவர் லிப்பின்காட்! ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் அரசுப் பாசனத் திட்டத்துக்குப் பொறுப்பானவரும் அவரே. அந்த ஆறு நகரத்துக்கு வேண்டும் என்று நகரத்துக்கு யோசனை சொல்லிச் சம்பளம் வாங்கியவரும் அவரே. துறை திரட்டிய கணக்குகளும் வரைபடங்களும் நகரத்தின் கைக்கு வந்தன.

அதே மாதங்களில்தான் மின் நிறுவன விண்ணப்பங்களை ஆராயும் வேலை ஈட்டனுக்குத் தரப்பட்டது. துறையில் எத்தனையோ பொறியாளர்கள் இருக்க, அந்த ஆற்றை வாங்கத் துடித்துக்கொண்டிருந்த ஒருவர் கையிலேயே லிப்பின்காட் கடிதத்தைக் கொடுத்தார்.

ஈட்டன் வேகமாக இயங்கினார். மார்ச் மாதத்தில், தாமஸ் ரிக்கி என்ற பெரும் பண்ணையாரிடம் பேரம் படிந்தது. பள்ளத்தாக்கில் ரிக்கிக்கு இருந்த பரந்த நிலங்களோடு, அரசு அணைக்குக் குறித்து வைத்திருந்த லாங் வேலியும் ஈட்டன் கைக்கு வந்தது. அணை கட்ட வேண்டிய இடமே கைமாறிய பிறகு அரசாங்கம் அணையை எங்கே கட்டும்? ரிக்கி முடிந்ததும் சிறு விவசாயிகள். ஆற்றின் இரு கரையிலும் துண்டு துண்டாக நிலங்கள் ஒப்பந்தமாயின.

சட்டம் என்ன சொல்லும்? ஈட்டன் பணம் கொடுத்துத்தான் வாங்கினார். விற்றவர்களும் விருப்பப்பட்டே விற்றார்கள். லிப்பின்காட்டுக்கும் ஒரு வாதம் உண்டு: ஒரு பள்ளத்தாக்கின் வயலை விட ஒரு பெரிய நகரத்தின் தாகத்துக்குப் பயன்பட்டால் இந்த நீர் அதிகம் பேருக்கு உதவும் என்று அவர் உண்மையாகவே நம்பினார். அந்த வாதத்தை மதித்தே கேட்கலாம். ஆனால் அதை அவர் இண்டிபெண்டன்ஸ் ஊர் மன்றத்தில் நின்று விவசாயிகள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அதைச் செய்யாமல், அவர்கள் நம்பிக் கொடுத்த கணக்கை அவர்களுக்கு எதிர்த்தரப்பில் இருந்தவரிடம் போக விட்டார். வேலியே பயிரை மேய்ந்தது. அவர் செய்ததற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை.

1893-இல் நடந்த ஒரு மாநாடு இங்கே நினைவுக்கு வருகிறது. பாசன மாநாட்டில் பேச வந்த பவல், மேற்கில் இருக்கும் நிலம் முழுவதற்கும் போதிய தண்ணீர் கிடையாது, நீங்கள் சேர்த்து வைப்பதெல்லாம் வருங்காலத்துக்கான சண்டையும் வழக்கும்தான் என்று எச்சரித்தார். கூட்டம் கூச்சலிட்டு அவரை எதிர்த்தது. அந்த மாநாடு நடந்த ஊர் லாஸ் ஏஞ்சலஸ். பன்னிரண்டு ஆண்டுகளில் பவல் சொன்ன சண்டை தொடங்கிவிட்டது, அவர் வளர்த்த துறையின் அளவுப் புத்தகத்தை வைத்தே.

*

பள்ளத்தாக்கில் ஒருவர் மட்டும் சந்தேகப்பட்டார்.

ஸ்டாஃபோர்ட் வாலஸ் ஆஸ்டின். இண்டிபெண்டன்ஸ் நிலப் பதிவு அலுவலகத்தின் பதிவாளர். அவருடைய மனைவி மேரி ஆஸ்டின், இந்தப் பாலைநிலத்தைப் பற்றி 1903-இல் எழுதிய நூலால் புகழ்பெற்ற எழுத்தாளர். பதிவாகும் நிலப் பத்திரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார் ஆஸ்டின். எல்லாம் ஒரே மனிதர் பெயருக்குப் போகின்றன. எல்லாம் ஆற்றையும் வாய்க்கால்களையும் ஒட்டிய நிலங்கள். அரசு அணைக்கு இவ்வளவு கீழே, இத்தனை நிலம் எதற்கு?

கேள்விக்குப் பதில் ஜூலை 29 அன்று வந்தது. ‘லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்’ பத்திரிகை, நகரத்துக்கு ஒரு நதியையே கொண்டுவரும் மாபெரும் திட்டம் என்று கொட்டை எழுத்தில் தலைப்பிட்டது. ஓவன்ஸ் ஆறு லாஸ் ஏஞ்சலஸுக்கு வருகிறது. வேண்டிய நிலங்களெல்லாம் கைக்கு வந்துவிட்டன என்பது செய்தி. நிலத்தை விற்ற விவசாயிகளுக்கும், விற்காமல் பக்கத்து வயலில் அணைக்காகக் காத்திருந்தவர்களுக்கும், ஈட்டன் யாருக்காக வாங்கினார் என்பது ஊரறியத் தெரிந்தது.

பள்ளத்தாக்கு கொதித்தது. ஈட்டனைத் தெருவில் மறித்துக் கேள்வி கேட்டார்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் ஆஸ்டின் பேனாவை எடுத்தார். ஒரு சிற்றூர்ப் பதிவாளர், தன் மேலதிகாரிகளையெல்லாம் தாண்டி, குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கே நேராகக் கடிதம் எழுதினார். லிப்பின்காட்டின் நடத்தையையும், ஈட்டன் துறையின் ஆளைப்போல நடமாடியதையும், மக்கள் நம்பிக்கை மோசம் போனதையும் அதில் விவரித்தார்.

நிலமீட்புத் துறையை உருவாக்கிய சட்டத்தில் கையெழுத்திட்டவர் ரூஸ்வெல்ட். சிறு விவசாயிகளின் காவலர் என்று பெயரெடுத்தவர். தீர்ப்பு அவர் மேசையில் காத்திருந்தது. பள்ளத்தாக்கு அவரை நம்பியது.

வாஷிங்டனிலிருந்து பதில் வருவதற்குள் லாஸ் ஏஞ்சலஸிலேயே ஒரு குண்டு வெடித்தது. ‘டைம்ஸ்’ஸின் போட்டிப் பத்திரிகையான ‘எக்ஸாமினர்’ ஒரு பட்டியலை வெளியிட்டது. நகரத்துக்கு வடக்கே, புதிய கால்வாய் வந்திறங்கப்போகும் சான் ஃபெர்னாண்டோ சமவெளியில், ஏறத்தாழ 16,000 ஏக்கர் வறண்ட நிலத்தை ஒரு நிறுவனம் 1904 இறுதியிலேயே விலை பேசி வைத்திருந்தது. ஆற்று நீர் வந்தால் அந்த நிலம் தங்கமாகும். பட்டியலில் இருந்தவை அந்த நிறுவனத்தின் பங்குதாரர்கள் பெயர்கள். அதில் ஒருவர் மோசஸ் ஷெர்மன், நகர நீர் வாரியத்தின் உறுப்பினர். இன்னொருவர் ஹாரிசன் கிரே ஓட்டிஸ், ஜூலை 29 காலையில் அந்தச் செய்தியை முதலில் வெளியிட்ட ‘லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்’ பத்திரிகையின் உரிமையாளர்.

(தொடரும்)